4 டிபி டிஸ்க் 465 ஜிபி என்று காட்டினால்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைப் பெட்டியிலிருந்து கழற்றி கம்ப்யூட்டரில் நேரடியாக மாட்டினேன், உள்ளே ஒன்றுமே தெரியவில்லை என்று யாராவது போன் செய்தால், நான் முதலில் கேட்பது "அந்தப் பெட்டி இன்னும் கையில இருக்கா?" என்றுதான். அடுத்த கேள்வி, "ஸ்கிரீன்ல என்ன கேட்டுச்சு, அதுக்கு நீங்க எதை அழுத்துனீங்க?" உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் இந்த இரண்டு பதில்களிலேயே தெரிந்துவிடும்.

பெட்டியைப் பலரும் வெறும் பிளாஸ்டிக் உறையாகத்தான் நினைக்கிறார்கள். அது கெட்டுவிட்டால் டிஸ்கை மட்டும் எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன போர்டு இருக்கிறது. ஒரு பக்கம் யுஎஸ்பி, இன்னொரு பக்கம் சாட்டா, அதாவது கம்ப்யூட்டருக்குள் ஹார்ட் டிஸ்கை இணைக்கும் முனை. கம்ப்யூட்டர் யுஎஸ்பி வழியாகக் கேட்பதை டிஸ்குக்குப் புரிகிற சாட்டா கட்டளையாக மாற்றித் தருவது அதன் வேலை. அதோடு நின்றுவிட்டால் எந்தப் பிரச்சினையும் இல்லை. நிறைய பெட்டிகளில் அந்த போர்டு இன்னும் இரண்டு காரியங்களைச் சத்தமில்லாமல் செய்கிறது. ஒன்று, டிஸ்க் தன் இடத்தைப் பிரித்து எண்ணும் சின்னத் துண்டான செக்டாரின் அளவையே மாற்றிச் சொல்வது. இன்னொன்று, உள்ளே போகும் எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்வது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி எழுதுவது. வாங்கியவருக்கு இரண்டுமே தெரியாது. போர்டு ஒழுங்காக ஓடும்வரை தெரிய வேண்டிய அவசியமும் வராது.

பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் இருந்து அப்படி ஒரு போன் வந்தது. 2013 வாக்கில் வாங்கிய 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க். தனி அடாப்டரில் ஓடுகிற பெரிய சைஸ். ஒருநாள் கரண்ட் போய் வந்த பிறகு பெட்டியில் லைட் எரிகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் டிஸ்க் வரவில்லை. ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் பையன் பெட்டியைப் பிரித்து டிஸ்கை எடுத்து, கம்ப்யூட்டருக்குள் சாட்டா கேபிளில் மாட்டிவிட்டான். அவன் செய்ததில் தப்பே இல்லை; நானாக இருந்தாலும் அதைத்தான் முதலில் முயன்றிருப்பேன். மாட்டியதும் விண்டோஸ், இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று சொன்னது. பையன் கேன்சல் கொடுத்துவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டிருக்கிறான். அந்த ஒரு கேன்சலுக்காக அவனுக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

"தம்பி, ஒரு வருஷக் கல்யாணம் இல்ல, ஏழெட்டு வருஷக் கல்யாணம் அதுக்குள்ள கெடக்கு. பக்கத்துக் கடையில காட்டுனா அஞ்சு நிமிஷத்துல எல்லாம் போச்சுன்னு சொல்லுதான்" என்றார் அண்ணாச்சி.

ஐந்து நிமிடத்தில் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒரு ஸ்டுடியோக்காரரின் டிஸ்கில் இருப்பது அவருடைய உழைப்பு மட்டும் இல்லை. ஆல்பம் தொலைந்துபோன வீட்டார், அப்பா இறந்த பிறகு அவர் சிரித்த ஒரு படமாவது கிடைக்குமா என்று தேடி வருகிறவர்கள், எல்லோருக்கும் கடைசிப் பிடிமானம் அந்த டிஸ்க்தான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, அந்த டிஸ்க் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று படித்துச் சொல்லச் சொன்னேன். எதையும் கிளிக் செய்யாமல் படிக்க மட்டும். மொத்தம் 3726 ஜிபி, அதில் முதலில் 465 ஜிபி அளவில் ஒரு பார்ட்டிஷன், பக்கத்தில் 'ரா' (உள்ளே இருப்பது விண்டோஸுக்குப் புரியவில்லை) என்று எழுதியிருக்கிறது, மீதி எல்லாம் ஒதுக்கப்படாத இடம் என்று பையன் வாசித்தான். எனக்கு அப்போதே பாதிக் கவலை போய்விட்டது. 3726-ஐ எட்டால் வகுத்தால் 465.75. சரியாக எட்டில் ஒரு பங்கு. டிஸ்க் கெட்டுப்போயிருந்தால் இவ்வளவு சுத்தமான கணக்கு வராது.

இந்த எட்டு எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்க் தன்னுடைய இடத்தைச் செக்டார் செக்டாராக எண்ணி வைத்திருக்கிறது. ஒரு செக்டாருக்கு 512 பைட் என்பது பல பத்தாண்டு வழக்கம். எந்தப் பார்ட்டிஷன் எந்தச் செக்டாரில் தொடங்குகிறது, எத்தனை செக்டார் நீளம் என்று குறித்துவைக்கும் பழைய அட்டவணைக்கு எம்பிஆர் என்று பெயர். அதில் எண்ணை எழுத 32 பிட்தான் இடம். 32 பிட்டில் எழுதக்கூடிய அதிகபட்ச எண்ணை 512-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2.2 டிபி. அதற்கு மேல் அந்த அட்டவணையால் எண்ண முடியாது. புதிய ஜிபிடி முறையில் இந்தத் தடை இல்லை. ஆனால் 2010-ல் 3 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் விற்பனைக்கு வந்தபோது, உலகம் முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது. வீடுகளில் இருந்த சாதாரண 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி தெரியாது.

எக்ஸ்டர்னல் டிஸ்க் செய்தவர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். பெட்டியில் இருக்கும் போர்டு, டிஸ்கின் எட்டு எட்டுச் செக்டாரைச் சேர்த்து ஒன்றாக்கி, "என் செக்டார் ஒவ்வொன்றும் 4096 பைட்" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். அதே 32 பிட் எண்ணை 4096-ஆல் பெருக்கினால் 17 டிபிக்கு மேல் போகிறது. எக்ஸ்பி உள்ள கம்ப்யூட்டரிலும் 3 டிபி, 4 டிபி டிஸ்க் முழுசாகத் தெரிந்தது. நல்ல ஏற்பாடுதான், டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருக்கும்வரை.

பெட்டியை விட்டு வெளியே எடுத்து நேரடியாகச் சாட்டாவில் மாட்டினால், டிஸ்க் தன் சொந்தக் கணக்கான 512-க்குத் திரும்பிவிடும். அட்டவணையில் எழுதியிருப்பதோ 4096 கணக்கு. சென்னையில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு இருக்கும் தெருவில், புதிய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பழைய எண் பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டியதைப் போல ஆகிவிடுகிறது. வீடும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். தட்டிய கதவுதான் வேறு.

அண்ணாச்சியின் டிஸ்கில் இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நான் பாளையங்கோட்டை போகும்போது உபுண்டு லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட ஒரு பென்டிரைவும், ஒரு புதிய 4 டிபி டிஸ்கும் கொண்டுபோனேன். விண்டோஸைத் தொடாமல் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினோம். எந்தப் பார்ட்டிஷனையும் திறக்காமல், அந்த டிஸ்கை முதல் வேலையாக ரீட் ஒன்லி, அதாவது படிக்க மட்டும் முடிகிற மாதிரி, ஆக்கினேன். அப்புறம் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு அது. 5-ஆம் எண், 197, 198 ஆகிய மூன்றும்தான் முக்கியம். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிவைக்கப்பட்ட செக்டார்கள், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 திருத்தவே முடியாதவை. மூன்றிலும் பூஜ்யம். காதை வைத்துக் கேட்டால் ஒரே சீரான சுழற்சி, டக் டக் என்ற சத்தம் எதுவும் இல்லை. டிஸ்க் நலமாக இருக்கிறது, செத்தது பெட்டியின் போர்டுதான் என்று அங்கேயே உறுதியாகிவிட்டது.

பிறகு டிஸ்கின் முதல் செக்டாரை ஹெக்ஸில், அதாவது ஒவ்வொரு பைட்டையும் இரண்டு இலக்கமாகக் காட்டும் முறையில், திறந்தோம். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். 512 பைட்டின் கடைசி இரண்டு இடத்தில் 55 ஏஏ என்ற அடையாளம் இருந்தது. அது இருந்தால் எம்பிஆர் அட்டவணை உயிரோடு இருக்கிறது என்று பொருள். 446-ஆவது பைட்டில் முதல் பார்ட்டிஷனின் பதிவு தொடங்குகிறது. அதில் வகை 07, அதாவது விண்டோஸ் ஃபைல்களை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறைக்கு வழக்கமாக வரும் எண். தொடங்கும் இடம் 00 01 00 00. பின்னிருந்து படிக்க வேண்டும், படித்தால் ஹெக்ஸில் 100, நம் கணக்கில் 256. இன்றைக்கு விண்டோஸ் உருவாக்கும் பார்ட்டிஷன் சாதாரணமாக 2048-ஆவது செக்டாரில் தொடங்கும். 2048-ஐ 512-ஆல் பெருக்கினாலும், 256-ஐ 4096-ஆல் பெருக்கினாலும் வருவது ஒரே 10,48,576. அதாவது சரியாக 1 எம்பி. 256 என்ற அந்த எண்ணைப் பார்த்ததும் வேறு சாட்சி தேவைப்படவில்லை. இருந்தாலும் 1 எம்பி தூரத்துக்குப் போய்ப் பார்த்தோம். ஈபி 52 90, அதை ஒட்டி என்டிஎஃப்எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், திரையின் வலது ஓரத்தில் பளிச்சென்று. அதற்குக் கொஞ்சம் தள்ளி, செக்டார் அளவைச் சொல்லும் இடத்தில் 00 10. பின்னிருந்து படித்தால் 4096.

"இருக்கா தம்பி?" என்றார்.

"அப்படியே இருக்கு அண்ணாச்சி."

விண்டோஸ் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். 256-ஐ 512-ஆல் பெருக்கி, 128 கேபி தூரத்தில் போய்த் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. உடனே ஃபார்மட் செய்யவா என்று கேட்டுவிட்டது. இந்தச் செய்தியின் வாசகம் எனக்கு இன்றுவரை வருத்தம் தருகிறது. "இந்த டிஸ்கில் இருப்பதை என்னால் படிக்க முடியவில்லை" என்று சொல்லி நிறுத்தியிருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள். ஃபார்மட் என்று அழுத்தியிருந்தால், அந்தத் தப்பான கணக்கிலேயே புதிய ஃபைல் அட்டவணையை எழுதியிருக்கும். பழைய அட்டவணை இருக்கும் பக்கத்திலேயே அது போய் விழ வாய்ப்பு அதிகம். அதற்கப்புறமும் படங்களைத் தோண்டி எடுக்கலாம். ஆனால் ஃபோல்டர் பெயர், ஃபைல் பெயர் எதுவும் இல்லாமல் லட்சக்கணக்கான படங்கள் ஒரே குவியலாக வரும். எது யார் வீட்டுக் கல்யாணம் என்று பிரித்து எடுப்பது யாராலும் ஆகாத காரியம்.

மீட்டெடுக்கும் வேலை அதற்குப் பிறகு நேரானது. லினக்ஸில் லூப் டிவைஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு டிஸ்கையோ ஃபைலையோ எடுத்து, அதை இன்னொரு டிஸ்க் போலக் காட்டும் வசதி. அதை உருவாக்கும்போது செக்டார் அளவு 4096 என்று சொல்ல முடியும். சொன்னேன், ரீட் ஒன்லி என்பதையும் சேர்த்து. பெட்டியின் போர்டு செய்துகொண்டிருந்த எண் மாற்றத்தை இப்போது லினக்ஸ் செய்தது. பார்ட்டிஷன் முழு அளவில் வந்து நின்றது, திறந்தால் வருடம், மாதம், வீட்டுப் பெயர் என்று அண்ணாச்சி வைத்திருந்த ஃபோல்டர் வரிசை அப்படியே.

லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, விண்டோஸிலும் ஓடும். அதில் ஜியோமெட்ரி என்ற பகுதிக்குள் செக்டார் அளவை மாற்றும் இடம் உண்டு. 4096 என்று கொடுத்துத் தேடச் சொன்னால் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஃபைல்களைக் காட்டும், வேறு டிஸ்குக்குக் காப்பி எடுக்கவும் விடும். அதில் 'ரைட்' என்று ஒரு பொத்தான் வரும். காப்பி முழுசாக முடியும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

4 டிபி என்பது காத்திருக்க வைக்கும் அளவு. நொடிக்கு 150 எம்பி வேகத்தில் தடையில்லாமல் ஓடினாலே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சின்னச் சின்னப் படங்களாக இருந்தால் அதைவிட நேரம் பிடிக்கும். நான் எப்போதும் முதலில் அவசரமானதை எடுப்பேன். இன்னும் ஆல்பம் போய்ச்சேராத கல்யாணங்கள் எவை என்று அண்ணாச்சியிடம் எழுதி வாங்கி, அவற்றை முதலில் காப்பி போட்டுவிட்டு மீதியை ராத்திரி முழுக்க ஓடவிட்டோம்.

இவ்வளவு லேசாக முடியாத வகையும் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

முதல் செக்டாரைத் திறந்தால் 55 ஏஏ இல்லை, எழுத்து எதுவும் இல்லை, வெறும் குப்பை போலக் கலைந்த எண்கள் மட்டும் வருகின்றன என்றால், பெட்டியின் போர்டு என்க்ரிப்ட் செய்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக், மை பாஸ்போர்ட் வரிசைகளில் பல மாடல்கள் இப்படி. போர்டில் இருக்கும் சிப், உள்ளே எழுதும் ஒவ்வொன்றையும் ஏஇஎஸ் என்ற என்க்ரிப்ஷன் முறையில் பூட்டி எழுதும், படிக்கும்போது திறந்து கொடுக்கும். நீங்கள் பாஸ்வேர்ட் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பாஸ்வேர்டே போடாதவருடைய டேட்டாவும் பூட்டித்தான் எழுதப்படுகிறது, சாவியை போர்டு தானாகவே எடுத்துத் திறந்துகொள்கிறது. 2015-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் இந்த வரிசை டிஸ்குகளின் சிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்து, அந்தப் பூட்டில் இருந்த பல ஓட்டைகளை வெளியிட்டார்கள். பாதுகாப்பு என்று சொல்லி விற்றதில் ஓட்டை. அந்தப் பாதுகாப்பு கேட்காதவருக்கோ பெட்டி கெட்ட அன்றே தன் படங்கள் எட்டாமல் போகின்றன. இதைப் பெட்டியின் மேல் ஒரு வரி அச்சடித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வகையில் டெஸ்ட்டிஸ்க் போன்றவை எதையும் கண்டுபிடிக்காது. நாள் கணக்கில் ஸ்கேன் ஓட்டினாலும் ஒரு படம்கூட வராது. அதைப் பார்த்து டேட்டா அழிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சுலபமான வழி: அதே மாடல் பெட்டி, அதே சிப் உள்ள போர்டு. பழைய போர்டில் யுஎஸ்பி சாக்கெட்டின் சால்டர் மட்டும் விட்டிருந்தால், மொபைல் சர்வீஸ் கடையில் நல்ல கை உள்ள ஒருவர் திரும்ப ஒட்டிவிடுவார். போர்டு முழுசாகப் போயிருந்தால் அதே மாடலில் பழையது ஒன்றைத் தேட வேண்டும். பல மாடல்களில் அந்தச் சாவி, பூட்டிய நிலையில், டிஸ்கின் கடைசிப் பகுதியிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் அதே சிப் உள்ள வேறு போர்டு அதைப் படித்துத் திறந்துவிடும். இங்கேதான் 'இனிஷியலைஸ்' என்ற கேள்வி ஆபத்தாகிறது. பூட்டிய டிஸ்கைப் பார்த்த விண்டோஸ் அதைப் புத்தம்புது டிஸ்க் என்று நினைத்து இனிஷியலைஸ் செய்யச் சொல்லும். ஜிபிடி என்று தேர்ந்தெடுத்து அழுத்தினால், அந்த முறை தன் அட்டவணையை டிஸ்கின் தொடக்கத்தில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் எழுதும். சாவி இருக்கும் திசையில் போய் எழுதுகிற வேலை அது. எந்தக் காரணத்துக்காகவும் அதை அழுத்தாதீர்கள்.

டிஸ்க் சுற்றவே இல்லை என்பது வேறு கதை. பெட்டியில் ஓடிய டிஸ்க், கம்ப்யூட்டருக்குள் மாட்டினால் அசைவே இல்லாமல் கிடக்கும். கையால் தொட்டாலும் அதிர்வு தெரியாது. கொஞ்சம் புதிய, பெரிய டிஸ்குகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் பவர் கனெக்டரின் மூன்றாவது பின். சாட்டா பவர் கனெக்டரில் 15 பின் உண்டு, முதல் மூன்று 3.3 வோல்ட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டவை. அந்த 3.3 வோல்ட்டைப் பெரும்பாலான டிஸ்குகள் பயன்படுத்தவே இல்லை. அதனால் சாட்டா 3.3 என்ற பதிப்பில் மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்தார்கள்: அதில் வோல்டேஜ் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். டேட்டா சென்டரில் தூரத்திலிருந்து ஒரு டிஸ்கை அணைத்துப் போட அது உதவும். நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் பழைய பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸோ அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். டிஸ்க், அணைந்திருக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு எழுந்திருக்கவே செய்யாது. அந்தப் பின் மேல் மெல்லிய கேப்டான் டேப் (கரண்டைக் கடத்தாத டேப்) ஒரு துண்டு ஒட்டினால் போதும். அல்லது மோலெக்ஸ் என்ற பழைய நாலு பின் பவர் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போடலாம், மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது. அந்தக் கேபிளை வாங்கும்போது, கம்பிகள் தனித்தனியாகக் கிரிம்ப் செய்து செருகியதாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி மொத்தமாக வார்த்த வகை, உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்திருக்கிறது.

வீட்டில் எல்லா அடாப்டரையும் ஒரே டிராயரில் போட்டுவைப்பவர்களுக்கு இன்னொன்று. 3.5 அங்குல டிஸ்க் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டர். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் 19 வோல்ட். சிலவற்றின் முனை பெட்டியில் சரியாகப் பொருந்தியும் விடும். மாற்றிச் செருகினால் பெட்டியின் போர்டோடு டிஸ்கின் போர்டும் அடிவாங்கலாம். டிஸ்கின் போர்டில் டிவிஎஸ் என்ற டயோடு இருந்தால் அது ஷார்ட் ஆகி மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கும், பல சமயம் அதை எடுத்துவிட்டாலே டிஸ்க் ஓடும். மீட்டரும் சால்டரிங் அயனும் கைக்குப் பழகியவரிடம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. அதே மாடலில் வேறு டிஸ்கின் போர்டைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாமே என்பார்கள். இன்றைய டிஸ்குகளில் அது பலிக்காது. ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள ஒரு சின்ன ரோம் சிப்பில் இருக்கின்றன, அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றி ஒட்ட வேண்டும்.

கைக்கு அடக்கமான 2.5 அங்குல டிஸ்குகளில் சிலவற்றுக்குச் சாட்டா முனையே கிடையாது. யுஎஸ்பி சாக்கெட்டை டிஸ்கின் போர்டிலேயே நேராக ஒட்டியிருப்பார்கள். பிரித்துப் பார்த்து அப்படி இருந்தால் திரும்ப மூடிவிடுங்கள், கழற்றி மாட்ட அங்கே எதுவும் இல்லை. அந்த அகலமான மைக்ரோ யுஎஸ்பி சாக்கெட் ஆடுகிறதா என்று பாருங்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், முன்பக்க போர்ட்டை விட்டுக் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி 2-ல் அதிகாரப்பூர்வமாக 500 மில்லி ஆம்பியர்தான், யுஎஸ்பி 3-ல் 900. டிஸ்க் சுற்றத் தொடங்கும் நேரத்தில் கரண்ட் போதாமல் நின்று நின்று கிளம்பும். அதைக் கேட்டு டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

உண்மையிலேயே சாகப்போகும் டிஸ்க் எப்படி இருக்கும் என்றால், டக் டக் என்று ஒரே சீராகத் தட்டும், அல்லது உரசும் சத்தம் வரும், அல்லது ஸ்மார்ட்டில் 197-ஆம் எண் பார்க்கப் பார்க்க ஏறும். சத்தம் வந்தால் உடனே கரண்டை நிறுத்திவிட்டு, கிளீன் ரூம் (தூசி புகாத அறை) வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரிக்காரரிடம் போவதுதான் வழி. மூடியைத் திறந்து பார்ப்பதும், ஃப்ரீஸரில் வைப்பதும் உதவி அல்ல, ஈரம் கோத்துத் தகட்டையே கெடுக்கும். சத்தம் இல்லாமல் செக்டார்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் உதவும். சுலபமாகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளி வைக்கும். எங்கே நிறுத்தினோம் என்று ஒரு ஃபைலில் குறித்துக்கொள்வதால் பாதியில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஃபைல் ஃபைலாகக் காப்பி எடுக்காமல் முழு டிஸ்கையும் ஓர் இமேஜாக, அதாவது அச்சு அசலான ஒரே பெரிய ஃபைலாக, எடுத்து, தேடுவதை எல்லாம் அந்த இமேஜில் செய்ய வேண்டும். 199-ஆம் எண் மட்டும் ஏறினால் அது கேபிள் கோளாறு, புதிய சாட்டா கேபிள் வாங்கினால் போதும்.

பெட்டி நன்றாக இருக்கும்போதே பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது தனி டிஸ்கின் விலை எகிறியது. எக்ஸ்டர்னல் டிஸ்க் அதைவிட மலிவாகக் கிடைத்தது. அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற ஆன்லைன் பேக்கப் நிறுவனம் கடை கடையாக எக்ஸ்டர்னல் டிஸ்குகளை வாங்கிப் பெட்டியை உடைத்து, உள்ளிருந்த டிஸ்குகளைத் தன் சர்வர்களில் மாட்டிச் சமாளித்தது. இன்றும் மலிவுக்காக அப்படிச் செய்கிறார்கள். காலி டிஸ்கில் செய்தால் ஒரு குறையும் இல்லை. டேட்டா உள்ள டிஸ்க் என்றால், பெட்டிக்குள் இருக்கும்போதே காப்பி எடுத்துவிட்டுப் பிரிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. டிஸ்கைச் செங்குத்தாகச் செருகும் டாக்கிங் ஸ்டேஷன்களில் சில, 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்குகளுக்கு இதே 4096 கணக்கைச் சொல்லும். அதில் வைத்து ஃபார்மட் செய்து படம் ஏற்றிய டிஸ்கைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டினால் காலியாகத் தெரியும். திரும்ப அதே டாக்கில் வைத்தால் எல்லாம் வந்துவிடும்.

இப்போது பெட்டிக்குள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்து வைக்கலாம். டிஸ்கை மாட்டிவிட்டு விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து, ஸ்டோரேஜ் பகுதிக்குள் டிஸ்க்ஸ் என்பதைப் பார்த்தால், அந்த டிஸ்குக்கு நேராக ஒரு செக்டாருக்கு எத்தனை பைட் என்று எழுதியிருக்கும். 512 என்று இருந்தால் எண் மாற்றம் இல்லை. 4096 என்று இருந்தால் பெட்டியின் போர்டு நடுவில் எண்ணை மாற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எண், பெட்டியின் மாடல் நம்பர், அடாப்டரின் வோல்டேஜ், இந்த மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். என்க்ரிப்ட் செய்யும் மாடலா என்று தெரியவில்லை என்றால், செய்கிறது என்றே எடுத்துக்கொண்டு இன்னொரு டிஸ்கில் ஒரு காப்பி போட்டுவையுங்கள்.